கொழும்புக்குப் புதுசா வந்து வீட்டுக்கு நெட் எடுக்கப் போறீங்களா? முதல்ல இந்தச் சொல்லுகளை விளங்கிக்கொள்ளுங்கோ

போன வருசம் வவுனியாவில இருந்து வெள்ளவத்தைக்கு வீடு மாறி வந்தனாங்கள். மூண்டாம் மாடியில ரெண்டு ரூம் பிளட். வந்த முதல் கிழமையே நெட்டுக்கு எழுதிக் குடுத்தாச்சு, ஆனா உருப்படியா ஓடத் தொடங்க ரெண்டரை மாசம் போச்சு. அதில பாதி நாள் கம்பனி இழுத்தடிச்சது, மிச்சம் அவங்கள் கேக்கிற சொல்லு எனக்கு விளங்காததால போன நாள். போன் எடுத்தா "எல்ஓஎஸ் லைட் எரியுதா", "கேபிள்ல போட்டு டெஸ்ட் பண்ணினீங்களா", "எந்த பாண்ட்ல கனெக்ட் ஆகியிருக்கு" எண்டு கேப்பினம், நான் "நெட் வேலை செய்யேல்ல" எண்டதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு நிப்பன். கடைசியில தேவையில்லாமல் பெரிய பக்கேஜுக்கு மாறி, தேவையில்லாத ஒரு பெட்டியும் வாங்கி, காசும் போச்சு. மகளின்ர ஒன்லைன் வகுப்பு அடிக்கடி அறுந்து அவள் அழுதது இன்னும் மனசில கிடக்கு. அதால இதை விபரமா எழுதிறன், உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

1. வீட்டில கிடக்கிற பெட்டி என்னெண்டு தெரிஞ்சுகொள்ளுங்கோ

நாங்கள் எல்லாப் பெட்டியையும் ரவுட்டர் எண்டுதான் சொல்லுறது. உண்மையில அங்க மூண்டு வேலை நடக்குது. வெளியில இருந்து வாற லைனை வீட்டுச் சாமானுக்கு ஏத்தமாதிரி மாத்திறது ஒண்டு, பழைய செப்புக்கம்பி டெலிபோன் லைன் எண்டா அந்த வேலையைச் செய்யிறது மொடம், ஃபைபர் எண்டா ஓஎன்டி. வந்த ஒரு லைனை போன், டிவி, லப்டொப் எல்லாத்துக்கும் பங்கு போட்டுக் குடுக்கிறது ரெண்டாவது, அதுதான் ரவுட்டர். வயர் இல்லாமல் காத்தில அனுப்பிறது மூண்டாவது, அதுக்குப் பேர் அக்சஸ் பொயின்ட். கம்பனி தாற பெட்டியில அனேகமா மூண்டும் ஒண்டாத்தான் இருக்கும்.

இது ஏன் தெரியவேணும் எண்டா, நெட் ஸ்லோ எண்டு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில (கம்பியூட்டர் கடையள் இருக்கிற இடம்) போய் நல்ல ரவுட்டர் ஒண்டு வாங்கிக்கொண்டு வந்து, கம்பனிப் பெட்டியைக் கழட்டிப்போட்டு இதைக் கொழுவலாம் எண்டு நினைப்பீங்கள். ஃபைபர்ல அது ஏலாது. ஓஎன்டியின்ர சீரியல் நம்பரைக் கம்பனி தங்கட சிஸ்டத்தில பதிஞ்சு வச்சிருக்கும், அந்தப் பெட்டி இருந்தாத்தான் லைன் வரும். புது ரவுட்டரை அதுக்குப் பின்னால, ஒரு லான் கேபிள்ல தான் போடவேணும். கடையில கேக்கேக்க "ஃபைபர் ஓஎன்டிக்குப் பின்னால போட, வான் போர்ட் இருக்கிற ரவுட்டர்" எண்டு சொல்லிக் கேளுங்கோ. வான் போர்ட் எண்டா வெளி லைன் வந்து ஏறுற ஓட்டை, லான் போர்ட் எண்டா வீட்டுக்குள்ள போற ஓட்டை. "ஏடிஎஸ்எல் ரவுட்டர்" எண்டு எழுதின பெட்டி மலிவா இருக்குது எண்டு வாங்கிப்போடாதேங்கோ, அது டெலிபோன் கம்பிக்கு உரியது.

2. என்ன வகை லைன் எண்டு முடிவெடுக்கிறது

ஃபைபர் எண்டா கண்ணாடி நார், அதுக்குள்ளால போறது வெளிச்சம். உங்கட ஒழுங்கையில ஃபைபர் இருந்தா வேற யோசிக்கவே வேண்டாம், அதை எடுங்கோ. எஸ்எல்டி மொபிட்டெலும் டயலொக்கும் கொழும்பில ஃபைபர் குடுக்கினம், ஆனா உங்கட ஒழுங்கையில இருக்கிறது பக்கத்து ஒழுங்கையில இல்லாமல் இருக்கும், வீட்டை எடுக்க முதலே வீட்டு நம்பரைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கோ. "ஏரியாவில இருக்கு" எண்ட பதில் காணாது. "இந்த பில்டிங்குக்குள்ள ஏத்தியிருக்கா, டிபி பொக்ஸில ஃப்ரீ போர்ட் இருக்கா" எண்டு கேளுங்கோ. டிபி எண்டா தூணிலயோ மாடிப்படிக்குப் பக்கத்திலயோ கிடக்கிற சின்னப் பெட்டி, அதில இருந்துதான் ஒவ்வொரு வீட்டுக்கும் கேபிள் பிரியும். அதில இடம் முடிஞ்சுதெண்டா ஃபைபர் இருந்தும் உங்களுக்குக் கிடைக்காது. எங்களுக்கு முதல் மூண்டு கிழமை போனது இதிலதான், போர்ட் இல்லையெண்டதை ஒருத்தரும் எடுத்துச் சொல்லேல்ல, "ரெண்டு நாளில வருவினம்" எண்டதுதான் ஒவ்வொரு தரமும் பதில்.

4ஜி, 5ஜி ரவுட்டர் எண்டா சிம் போட்டு வேலை செய்யிறது. கொண்டுவந்து பிளக்கில குத்தினா அண்டைக்கே நெட். வாடகைக்கு ஆறு மாசம் மட்டும் இருக்கப் போறவைக்கு இது போதும். ஆனா பின்னேரம் ஏழு எட்டு மணிக்குப் பிறகு அந்த டவர்ல இருக்கிற எல்லாரும் வீட்டுக்கு வந்திருவினம், அப்ப இறங்கும். வாங்க முதல் அதே கம்பனி சிம் இருக்கிற ஆரையாவது வீட்டுக்குக் கூப்பிட்டு, இரவு ஒன்பது மணிக்கு ஒருக்கா ஸ்பீட் டெஸ்ட் பண்ணிப் பாருங்கோ. பிரவுசர்ல திறக்கிற ரவுட்டர் செட்டிங்கில ஆர்எஸ்ஆர்பி எண்டு ஒரு இலக்கம் மைனஸ்ல காட்டும், டவர் சிக்னலின்ர பலம் அது. மைனஸ் 90 எண்டா நல்லது, மைனஸ் 110க்கு அங்கால போனா அந்த மூலையில வைக்கவேண்டாம், ஜன்னல் பக்கம் கொண்டுபோங்கோ. அந்த ரவுட்டரை வேற அட்ரஸுக்குக் கொண்டுபோய்ப் பாவிக்கலாமா எண்டதையும் வாங்கேக்கயே கேளுங்கோ.

செப்புக்கம்பி ஏடிஎஸ்எல்லை வேற வழியில்லாட்டித்தான் எடுக்கிறது. செய்மதியால நெட் தாற ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில இலங்கையில தொடங்கினது, ஆனா டிஷ்ஷுக்கு மறைப்பில்லாத வானம் வேணும், சாமானுக்கே பெரிய காசு, பிளட்ல இருக்கிற எங்களுக்கு மொட்டைமாடி அனுமதி இல்லாமல் சரிவராது.

3. டொக்கியூமென்ட்: இதை வீட்டு அட்வான்ஸ் குடுக்கிற நாளே ரெடி பண்ணுங்கோ

வடக்கு கிழக்கில இருந்தோ மலைநாட்டில இருந்தோ வாற எங்களுக்கு இதுதான் பெரிய இடறல். அடையாள அட்டையில ஊர் அட்ரஸ், லைன் போடுறது கொழும்பு அட்ரஸ், ரெண்டும் பொருந்தாது. அதால கையில இருக்கவேண்டியது: உங்கட அடையாள அட்டையும் கொப்பியும், வாடகை ஒப்பந்தக் கொப்பி, வீட்டுக்காரரின்ர பேரில வந்த கிட்டடி லைட் பில் அல்லது தண்ணி பில் கொப்பி, வீட்டுக்காரர் கையெழுத்து வச்ச ஒரு கடிதம். கடிதத்தில ரெண்டு விசயம் தெளிவா இருக்கவேணும், இந்த ஆள் என்ர வீட்டில வாடகைக்கு இருக்கிறார், இவருக்கு லைன் போடச் சம்மதம். வீட்டுக்காரர் வெளிநாட்டில எண்டா (வெள்ளவத்தையில பாதி வீடு அப்பிடித்தான்) வீட்டைப் பாக்கிற ஆளின்ர பேரில அதிகாரம் குடுத்த கடிதம் ஏதும் இருக்கா எண்டு முதலே கேட்டு வையுங்கோ. எங்கட வீட்டுக்கார அன்ரி லண்டனில, கடிதம் எழுதிக் கையெழுத்து வச்சு ஸ்கான் பண்ணி அனுப்பவே பத்து நாள் போச்சு.

பிளட் எண்டா இன்னொரு கடிதம், மனேஜ்மன்ட் கொமிட்டியிட்ட. பொதுச் சுவரில ஓட்டை போட, டக்டுக்குள்ளால கேபிள் இழுக்க அவையின்ர அனுமதி வேணும். இல்லாட்டி டெக்னீஷியன் வாசல்ல வந்து நிக்கேக்க செக்கியூரிட்டி உள்ள விடமாட்டார், அந்த டேர்ன் போனா அடுத்த டேர்ன் எப்ப எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. கொமிட்டியில சிலர் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்ய விடமாட்டினம், அதையும் கேளுங்கோ.

ஃபோர்ம் நிரப்பேக்க அட்ரஸை லைட் பில்லில இருக்கிற மாதிரி எழுத்துக்கு எழுத்து எழுதுங்கோ. காலி வீதிக்கு கடல் பக்கமா, மற்றப் பக்கமா எண்டு போன்ல சொல்லி விளங்கப்படுத்திறது வேற, சிஸ்டத்தில ஏறுறது வேற.

இன்னொரு பொறி இருக்கு. உங்களுக்கு முதல் இருந்த ஆக்கள் அதே அட்ரஸில பில் கட்டாமல் போயிருந்தா அந்தப் பாக்கி தீராமல் புது லைன் குடுக்க மறுக்கலாம். அட்வான்ஸ் குடுக்க முதல் "இந்த வீட்டில பழைய லைன் இருக்கா, ஆரின்ர பேரில, பாக்கி இருக்கா" எண்டு வீட்டுக்காரரிட்ட நேரா கேட்டுவிடுங்கோ.

4. ஸ்பீட் எண்டு சொல்லுற நம்பர்

100 எம்பிபிஎஸ் எண்டு விளம்பரத்தில போட்டிருக்கும். அதில இருக்கிறது மெகாபிட். நாங்கள் போன்ல பாக்கிற பைல் சைஸ் மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தா ஒரு பைட். அதால 100 எம்பிபிஎஸ் லைன்ல ஒரு செக்கனுக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான் இறங்கும், ஒரு ஜிபி பைலுக்கு 80 செக்கன் போகும். நான் டவுன்லோட் பண்ணேக்க 12 எண்டு காட்டினதைப் பாத்து, 100க்குக் காசு வாங்கிக்கொண்டு 12 தாறாங்கள் எண்டு கஸ்டமர் கெயாருக்கு எடுத்துச் சண்டை பிடிச்சனான். லைன் அண்டைக்குச் சரியாத்தான் இருந்தது.

டவுன்லோட் உங்களுக்கு வாறது, அப்லோட் உங்களிட்ட இருந்து போறது. விளம்பரத்தில பெருசாப் போடுறது டவுன்லோடை. வீட்டில இருந்து வேலை செய்யிறவை, வீடியோவில பாடம் எடுக்கிறவை, கட்டாயம் அப்லோட் எவ்வளவு எண்டு கேட்டு எழுதி வையுங்கோ. உங்கட முகம் மற்ற ஆளுக்கு உறைஞ்சு போய்த் தெரியுதெண்டா அனேகமா அப்லோட்தான் காணேல்ல.

பிங் எண்டு மூண்டாவது நம்பர் வரும், மில்லிசெக்கன்ல. நீங்கள் ஒரு தகவல் அனுப்பி அது போய்த் திரும்பி வர எடுக்கிற நேரம். குறைய இருந்தா நல்லது. இதை பக்கேஜ் கூட்டிக் குறைக்க ஏலாது, தூரம் அப்பிடி. கண்ணாடி நாருக்குள்ள வெளிச்சம் செக்கனுக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீற்றர் போகும், கொழும்பில இருந்து லண்டன் நேர்கோட்டில 8,700 கிலோமீற்றர் அளவு, போய்வரவே 87 மில்லிசெக்கன் வேணும், கேபிள் நேரா போறதும் இல்லை, அதால இன்னும் கூடத்தான் காட்டும். லண்டன் சொந்தக்காரரோட கதைக்கேக்க கொஞ்சம் பிந்திக் கேக்குதெண்டு பெரிய பக்கேஜுக்கு மாறவேண்டாம், நான் மாறினனான், ஒரு வித்தியாசமும் இல்லை.

எவ்வளவு ஸ்பீட் வேணும் எண்டா, நாலு பேர் வீட்டுக்கு, ரெண்டு பேர் வீடியோ பாத்து ஒருத்தர் மீட்டிங்கில இருந்தாலும், 50 போதும் எண்டதுதான் என்ர அபிப்பிராயம். மிச்சக் காசை ஏழாவது விசயமான வைஃபைக்குச் செலவழியுங்கோ.

5. டேட்டா, கோட்டா, வரி

ஸ்பீட் எண்டது குழாயின்ர பருமன், டேட்டா எண்டது மாசத்துக்குத் தாற தண்ணி. ரெண்டும் வேற வேற, ரெண்டையும் தனித்தனியாக் கேளுங்கோ. நெட்ஃபிளிக்ஸ் தாங்களே சொல்லுற கணக்குப்படி எச்டி படம் மணித்தியாலத்துக்கு 3 ஜிபி வரை இழுக்கும். ஒரு நாளைக்கு ரெண்டு மணித்தியாலம் எண்டா 6 ஜிபி, 100 ஜிபி பக்கேஜ் பதினேழாம் நாள் முடியும். டிவியில குவாலிட்டியை எஸ்டிக்கு இறக்கினா மணித்தியாலத்துக்கு 1 ஜிபி அளவுதான்.

"அன்லிமிட்டட்" எண்டு போட்டிருந்தாலும் கீழ சின்ன எழுத்தில பெயார் யூசேஜ் எண்டு இருக்கும். குறிச்ச ஜிபி தாண்டினா லைனை வெட்டமாட்டினம், ஸ்பீடைக் குறைப்பினம். "எவ்வளவுக்குப் பிறகு, எவ்வளவா குறையும்" எண்ட ரெண்டு நம்பரும் வாங்குங்கோ. 1 எம்பிபிஎஸ்ஸுக்குக் குறைஞ்சா 3 எம்பி போட்டோ ஒண்டு 24 செக்கன்ல வரும், 64 கேபிபிஎஸ்ஸுக்குக் குறைஞ்சா அதே போட்டோவுக்கு ஆறு நிமிசத்துக்கு மேல. சில பக்கேஜில பகல் டேட்டா வேற, இரவு டேட்டா வேற, மொத்தமா 100 ஜிபி எண்டு சொல்லி அதில பாதி நடுச்சாமத்துக்குப் பிறகுதான் பாவிக்கலாம் எண்டு இருக்கும். பிள்ளையள் படிக்கிற வீட்டுக்கு அந்தப் பாதி பிரயோசனமில்லை.

காசு விசயம். மாசக் கட்டணத்தோட வரி வரும். வற் இப்ப 18 வீதம், 2024 ஜனவரியில இருந்து. பக்கேஜ் 3,000 ரூபா எண்டு சொன்னா வற் மட்டும் 540, வேற வரியும் சேரும். "வரி எல்லாம் சேர்த்து மாசம் பில்லில என்ன வரும்" எண்டு கேளுங்கோ, அந்த நம்பரை வச்சுத்தான் ரெண்டு கம்பனியை ஒப்பிடவேணும். இதோட கேக்கவேண்டியது: கனெக்சன் சார்ஜ், பெட்டி வாடகையா சொந்தமா, குறிச்ச நீளத்துக்கு மேல கேபிள் போனா மீற்றருக்கு எவ்வளவு, எத்தனை மாச அக்ரிமன்ட், இடையில விட்டா தண்டம் எவ்வளவு, வீடு மாறினா லைனை மாத்த எவ்வளவு. வாடகை ஒப்பந்தம் ஒரு வருசம், நெட் அக்ரிமன்ட் ரெண்டு வருசம் எண்டு மாட்டுப்படுற ஆக்கள் கனபேர்.

6. டெக்னீஷியன் வாற நாள்

இந்த நாளை விடாதேங்கோ. லீவு போட்டாவது வீட்டில நில்லுங்கோ. ஏனெண்டா பெட்டி எங்க வைக்கிறது எண்ட முடிவு அண்டைக்குத்தான், பேந்து மாத்த காசு. அவைக்கு கிட்டவா இருக்கிற சுவர் சுகம், அனேகமா அது வாசல் மூலை, இல்லாட்டி டிவிக்குப் பின்னால கீழ. நீங்கள் வீட்டின்ர நடுவை, நெஞ்சு உயரத்தில, ஃபிரிட்ஜும் கண்ணாடி அலுமாரியும் மறைக்காத இடத்தைக் காட்டுங்கோ. பக்கத்தில ரெண்டு பிளக் பொயின்ட் வேணும்.

ஃபைபர் கேபிள் கறுப்போ வெள்ளையோ ஒரு மெல்லிய வயர். நுனியில பச்சை நிறக் கொனெக்டர். இதைக் கரண்ட் வயர் மாதிரி மடிச்சு மூலையில அழுத்த ஏலாது, உள்ளுக்கு கண்ணாடி. மடிப்பு இறுகினா வெளிச்சம் கசியும், சிக்னல் குறையும். எங்களுக்கு நடந்தது என்னெண்டா, லைன் வந்து ரெண்டாம் கிழமை திடீரெண்டு நெட் இல்லை, பெட்டியில ஒரு சின்னச் சிவப்பு லைட் மினுங்குது. முறைப்பாடு குடுத்து அஞ்சு நாள் காத்திருந்தம். வந்த தம்பி பெட்டியைத் தொடவே இல்லை, கேபிளைக் கையால தடவிக்கொண்டே போனார், அலுமாரிக்குப் பின்னால போனதும் நிண்டு, அலுமாரியை ரெண்டு விரல்கடை முன்னால இழுத்தார். லைட் பச்சையாப் போச்சு. மனுசி முதல் நாள் கூட்டேக்க அலுமாரியைச் சுவரோட தள்ளிவிட்டவ, அதின்ர கால் கேபிளை நசிச்சுக்கொண்டு இருந்திருக்கு. அஞ்சு நாள் நெட் இல்லாமல் இருந்தது அதுக்குத்தான். அதால கேபிள் போற வழியில தளபாடம் வராமல் பாருங்கோ, சுத்தி வைக்கிற மிச்சக் கேபிளை பெரிய வட்டமாச் சுத்துங்கோ, கழண்ட நுனிக்குள்ள கண்ணை வச்சுப் பாக்கவே பாக்காதேங்கோ, பிள்ளையளையும் விடாதேங்கோ.

ஆள் போக முதல் மூண்டு காரியம். ஒண்டு, கேபிள்ல வாற வெளிச்சத்தின்ர பலத்தை அளக்க அவை ஒரு பவர் மீற்றர் வச்சிருப்பினம், அதில எத்தனை டிபிஎம் (அந்தப் பலத்தின்ர அளவு) வருது எண்டு கேட்டு எழுதுங்கோ. மைனஸ் 20 பக்கம் எண்டா சந்தோசம், மைனஸ் 27 எண்டா விளிம்பில நிக்குது, மழைக்கும் காத்துக்கும் அறும், அப்பவே சொல்லித் திருத்துவியுங்கோ. ரெண்டு, லப்டொப்பை லான் கேபிள்ல கொழுவி ஸ்பீட் டெஸ்ட் எடுங்கோ, ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கோ. மூண்டு, பெட்டிக்கு அடியில இருக்கிற ஸ்டிக்கரைப் போட்டோ எடுங்கோ. இதெல்லாம் முடிஞ்ச பிறகு கையெழுத்து.

7. வைஃபை: பாதி முறைப்பாடு இதாலதான்

நெட் வேற, வைஃபை வேற. இந்த ஒண்டை விளங்கினா நான் பட்ட கஷ்டத்தில பாதி உங்களுக்கு இல்லை. நெட் எண்டது தெருவில இருந்து பெட்டி வரைக்கும். வைஃபை எண்டது பெட்டியில இருந்து உங்கட கை வரைக்கும். கம்பனி பொறுப்பு பெட்டியோட முடியும். ரூமில ஸ்லோ எண்டா முதல்ல பெட்டிக்குப் பக்கத்தில கேபிள்ல டெஸ்ட் பண்ணுங்கோ, அங்க சரியா வந்தா பிரச்சினை வீட்டுக்குள்ள, பக்கேஜ் கூட்டிப் பிரயோசனமில்லை.

வைஃபையில ரெண்டு பாண்ட். 2.4 கிகாஹேர்ட்ஸ் தூரம் போகும், சுவரைத் தாண்டும், ஆனா வேகம் குறைவு, கூட்டம் கூட. 5 கிகாஹேர்ட்ஸ் வேகம், ஆனா கொங்கிரீட் சுவர் ஒண்டு ரெண்டிலயே களைச்சுப்போகும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி பிளட் ஒண்டில நிண்டு போனைத் திறந்தா இருபது முப்பது பேரின்ர வைஃபை காட்டும், அனேகமா எல்லாம் 2.4இல ஒண்டை ஒண்டு இடிச்சுக்கொண்டு. 2.4இல ஒண்டோட ஒண்டு முட்டாத சனல் மூண்டுதான், 1, 6, 11. ரவுட்டர் செட்டிங்கில ஓட்டோ எண்டு இருக்கிறதை எடுத்துப்போட்டு, இந்த மூண்டில கூட்டம் குறைஞ்சதைப் போட்டுப் பாருங்கோ. மைக்ரோவேவ் ஓடேக்க 2.4 தடுமாறும், குசினிக்குப் பக்கத்தில பெட்டியை வைக்காதேங்கோ. டிவி, லப்டொப், வகுப்பு பாக்கிற டப் எல்லாத்தையும் 5க்கு மாத்துங்கோ.

ஒரு குழப்பம். வைஃபை பேருக்குப் பின்னால "5ஜி" எண்டு வரும். அது இந்த 5 கிகாஹேர்ட்ஸ். மொபைல் கம்பனி சொல்லுற 5ஜி வேற, அதில 5 எண்டது அஞ்சாந் தலைமுறை. பக்கத்து வீட்டு அங்கிள் ஒருத்தர் போன்ல 5ஜி இல்லையெண்டு அந்த வைஃபையைத் தொடவே இல்லை, ஆறு மாசம்.

பின் ரூமுக்குப் போகேல்லையெண்டா கடைக்காரர் உடன எடுத்துத் தாறது எக்ஸ்டென்டர். அது பெட்டியில இருந்து வாற சிக்னலை காத்திலயே வாங்கி காத்திலயே திருப்பி அனுப்பும், மலிவானதுகளில வேகம் பாதியாக் குறையும். சிக்னல் இல்லாத ரூமுக்குள்ளயே அதைக் குத்தினா இன்னும் மோசம், இல்லாத சிக்னலை எப்பிடிப் பெருக்கிறது. நான் வாங்கி ஒரு கிழமையில கழட்டி வச்சது அதைத்தான். அதைவிட நல்லது, ஒரு லான் கேபிளை அந்த ரூமுக்கு இழுத்து அங்க ஒரு அக்சஸ் பொயின்ட் வைக்கிறது. வாடகை வீட்டில சுவர் துளைக்க ஏலாட்டி மெஷ், ரெண்டு மூண்டு பெட்டி ஒரே பேரில சேர்ந்து வேலை செய்யிறது, விலை கூட, ஆனா அடுத்த வீட்டுக்கும் கொண்டுபோகலாம்.

8. லான் கேபிளும் 94 எண்ட நம்பரும்

லான் கேபிளுக்குள்ள எட்டு வயர், நாலு சோடியா முறுக்கி இருக்கும். 100 எம்பிபிஎஸ் போக ரெண்டு சோடி காணும், கிகாபிட் போக நாலு சோடியும் வேணும். கிகாபிட்டுக்கு மட்டும் தேவைப்படுற மற்ற ரெண்டு சோடியில ஒரு வயர் அறுந்தா லைன் அனேகமா நிக்காது, சத்தமில்லாமல் 100க்கு இறங்கி ஓடும். எப்பிடிக் கண்டுபிடிக்கிறது எண்டா, நீங்கள் 200, 300 பக்கேஜ் எடுத்தும் ஸ்பீட் டெஸ்ட் எப்பவும் 94 பக்கத்திலயே முட்டிக்கொண்டு நிண்டா, எங்கயோ ஒரு 100 எம்பிபிஎஸ் தடை இருக்கு. ஒண்டு கேபிள், இல்லாட்டி ரவுட்டர்ல இருக்கிற போர்ட். மலிவு ரவுட்டர் கனக்க, பெட்டியில வைஃபை 1200 எண்டு பெருசா எழுதியிருக்கும், பின்னால இருக்கிற போர்ட் எல்லாம் வெறும் 100. வாங்கேக்க "கிகாபிட் போர்ட்டா" எண்டு மட்டும் கேளுங்கோ. கேபிள் கெட் 5ஈ அல்லது கெட் 6 எடுங்கோ, வீட்டுக்கு ரெண்டும் ஒண்டுதான். புறக்கோட்டையில மீற்றர் கணக்கில வாங்கலாம், ஆனா நுனி அடிச்ச பிறகு கடையிலயே டெஸ்டர்ல போட்டு எட்டு லைட்டும் வரிசையா எரியுதா எண்டு பாத்துத்தான் காசு குடுங்கோ.

9. ஐபி, டிஎச்சிபி, டிஎன்எஸ், பாஸ்வேர்ட்

ஐபி எண்டது அட்ரஸ். வீட்டுக்குள்ள ஒவ்வொரு சாமானுக்கும் 192.168 எண்டு தொடங்கிற ஒரு உள் அட்ரஸ், அதை ஓட்டோவாப் பங்கிடுறதுக்குப் பேர் டிஎச்சிபி. வெளியுலகத்துக்கு முழு வீட்டுக்கும் ஒரு அட்ரஸ். ரவுட்டர் செட்டிங்குக்குள்ள போக பிரவுசர்ல 192.168.1.1 அல்லது ஸ்டிக்கர்ல இருக்கிறதை அடிக்கவேணும். ரவுட்டர்ல காட்டுற வான் ஐபி 100.64இல இருந்து 100.127 வரைக்குள்ள தொடங்கினா, நீங்களும் இன்னும் கனபேரும் ஒரே வெளி அட்ரஸைப் பாவிக்கிறீங்கள், சிஜிநாட் எண்டு சொல்லுவினம். சாதாரணப் பாவனைக்குப் பிரச்சினையில்லை, வெளியில இருந்து வீட்டு சிசிடிவி பெட்டிக்கு நேரா கனெக்ட் பண்ண வெளிக்கிட்டா ஏலாது, அதுக்கு பப்ளிக் ஐபி கேட்டு எடுக்கவேணும்.

டிஎன்எஸ் எண்டது டெலிபோன் புத்தகம் மாதிரி, வெப்சைட் பேரைக் குடுத்தா ஐபி நம்பரைத் தரும். சில நேரம் வட்ஸ்அப் மெசேஜ் போகும், பிரவுசர்ல ஒண்டும் திறக்காது. அப்ப போன்லயோ ரவுட்டர்லயோ டிஎன்எஸ்ஸை 8.8.8.8 அல்லது 1.1.1.1 எண்டு மாத்திப் பாருங்கோ.

பாஸ்வேர்ட் ரெண்டு இருக்கு. வைஃபை பாஸ்வேர்ட் ஒண்டு, ரவுட்டர் செட்டிங்குக்குள்ள போற அட்மின் பாஸ்வேர்ட் இன்னொண்டு. எல்லாரும் முதலாவதை மாத்தி ரெண்டாவதை அப்பிடியே விடுறது. ரெண்டையும் மாத்துங்கோ. செக்கியூரிட்டி டபிள்யூபிஏ 2 அல்லது 3இல இருக்கட்டும், பாஸ்வேர்ட் அடிக்காமல் பட்டன் அமத்தி இணைக்கிற டபிள்யூபிஎஸ் எண்டதை நிப்பாட்டிவிடுங்கோ. வீட்டுக்கு வாறவைக்கு கெஸ்ட் நெட்வேர்க் எண்டு தனியாத் திறந்து குடுக்கலாம்.

10. பழுதானா என்ன சொல்லுறது

போன் எடுக்க முதல் பெட்டியைப் பாருங்கோ. பவர் லைட் எரியேல்லையெண்டா அடப்டர். பொன் (PON) எண்டு எழுதின ஃபைபர் சிக்னல் லைட் பச்சையா மினுங்காமல் நிண்டா தெருவில இருந்து சிக்னல் சரி. பொன் மினுங்கிக்கொண்டே இருந்தா பெட்டி சிக்னலைப் பிடிக்க முயற்சி பண்ணுது. எல்ஓஎஸ் சிவப்பில மினுங்கினா வெளிச்சம் வரேல்ல, கேபிள் அறுந்திருக்கு இல்லாட்டி நசிஞ்சிருக்கு, ரீஸ்டார்ட் பண்ணி மினக்கெட வேண்டாம், கேபிள் வழியைப் பாத்துட்டு உடன கோல் எடுங்கோ. பொன் நல்லா இருந்து இன்டர்நெட் லைட் மட்டும் இல்லையெண்டா பில் கட்டியாச்சா எண்டு பாருங்கோ, பிறகு கம்பனிப் பக்கம் எக்கவுண்டைப் பாக்கச் சொல்லுங்கோ.

போன்ல தமிழ் தெரிவு இருக்கும், ஆனா வீட்டுக்கு வாற ஆளுக்கு அனேகமா சிங்களம்தான். "ரது லைட் எக பத்து வெனவா", சிவப்பு லைட் எரியுது எண்டு அர்த்தம், இந்த ஒரு வசனம் எனக்குக் கன நேரத்தை மிச்சம் பிடிச்சுத் தந்தது. முறைப்பாட்டு நம்பர் வாங்காமல் போனை வைக்காதேங்கோ, திகதியும் நேரமும் சேர்த்து எழுதுங்கோ. நெட் இல்லாத நாளுக்கு பில்லில கழிக்கச் சொல்லிக் கேக்க அந்த நம்பர் வேணும். கிழமைக்கணக்கா ஒண்டும் நடக்காட்டி தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு அதே நம்பர்களை இணைச்சு எழுதலாம்.

ஏப்ரல், ஒக்டோபர் பின்னேர இடிக்கு அடப்டரைக் கழட்டுங்கோ. ஃபைபர் கண்ணாடி, அதால மின்னல் வராது, ஆனா பிளக்கால வரும். செப்புக்கம்பி லைன் எண்டா டெலிபோன் வயரையும் கழட்டவேணும். கரண்ட் போற நேரத்துக்கு மினி யூபிஎஸ் ஒண்டு வாங்கினம், கைக்குள்ள அடங்கும், ஆனா வாங்க முதல் அடப்டர்ல எழுதியிருக்கிற வோல்ட்டையும் அம்பியரையும் (எங்கடது 12 வோல்ட், 1 அம்பியர்) போட்டோ எடுத்துக்கொண்டு போங்கோ, பொருந்தாததைக் குத்தினா பெட்டி எரியலாம், கம்பனிப் பெட்டி எண்டா அதுக்கும் நீங்கள்தான் கட்டவேணும்.

வீடு மாறேக்க ஒரு மாசம் முதலே கம்பனிக்குச் சொல்லுங்கோ. லைனை விடுறதெண்டா பெட்டியையும் அடப்டரையும் ஒபிஸில குடுத்து, சீரியல் நம்பர் எழுதின ரிசீட் வாங்குங்கோ. கடைசி பில் கட்டின துண்டோட அதைச் சேர்த்து ஒரு வருசமாவது வச்சிருங்கோ.